பெற்றோர் சொல்லும் தோழர் சொல்லும்

பிள்ளைச் செல்வம் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அமானிதத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. அதைப் பேணலாம், காக்கலாம். நம் சொந்தக் கடனைத் தீர்க்க அதை எடுத்துச் செலவிடக் கூடாது. கல்லூரிக்குச் செல்லும் நம் மகனையும் மகளையும் நாம் அவ்வாறுதான் பேணுகிறோமா? நமக்குக் கிட்டாமற்போன படிப்பு, நம்மை மதிக்காத உறவினர், நம் கையை விட்டு நழுவிய தொழில் ஆகிய பழைய கடன்களையெல்லாம் அந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் கொண்டு தீர்க்கப் பார்க்கிறோமா? வாசகர்களே, இந்த வெள்ளிக்கிழமை நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

கல்லூரிப் பிள்ளையை இரண்டு கைகள் இழுக்கின்றன. ஒன்று வீட்டிலிருந்து நீளும் கை. மற்றொன்று தோழர் கூட்டத்திலிருந்து நீளும் கை. "சேர்க்கை சரியில்லை, அதனால் படிப்புக் கெட்டது" என்று பெற்றோர் தோழரைக் குறை கூறுகின்றனர். "வீட்டில் மூச்சுவிட முடியவில்லை" என்று பிள்ளைகள் பெற்றோரைக் குறை கூறுகின்றனர். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான விசைகள் என்றே பலரும் எண்ணுகின்றனர். கூர்ந்து நோக்கினால், வீட்டின் இறுக்கமே பல பிள்ளைகளைத் தோழர் கூட்டத்தின் பிடியில் கொண்டுபோய் விடுகிறது என்பது விளங்கும். அது எவ்வாறு நிகழ்கிறது, அதைத் தடுக்க நாம் என்ன செய்யலாம் என்பதை ஆராய்வோம்.

தறியும் விடைத்தாளும்

சென்னைக்குத் தென்மேற்கே, அடையாற்றின் கரையில், பம்மலுக்கும் பல்லாவரத்துக்கும் அண்மையில் அமைந்த ஊர் அனகாபுத்தூர். 2021-ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டபோது அதனுடன் இணைந்த ஊர் இது. அதற்கு முன் தனி நகராட்சியாக விளங்கியது. அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே இது நெசவாளர் ஊர். "ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்" என்று வெளிநாட்டுச் சந்தையில் பெயர் பெற்ற கட்டம் போட்ட கைத்தறித் துணி இங்கே நெய்யப்பட்டு, நைஜீரியா முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கப்பலேறிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. அந்த ஏற்றுமதி நலிந்தபோது தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. எஞ்சிய நெசவாளர் சிலர் வாழை நார் போன்ற இயற்கை இழைகளைப் பருத்தியுடன் சேர்த்து நெய்து அக்கலையை உயிரோடு வைத்திருக்கின்றனர்.

அக்கம் பக்கத்திலோ தோல் தொழில். பல்லாவரம், பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் கூடங்கள் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டன. குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்ததுதான். தமிழகத்தில் தோல் தொழிலோடு நம் சமுதாயத்துக்கு உள்ள நெடிய தொடர்பை நாம் அறிவோம்.

இத்தகைய ஊர்களில் பாட்டனார் தறியிலோ தோல் கூடத்திலோ உழைத்திருப்பார். தகப்பனார் கடை வைத்திருப்பார், அல்லது வண்டி ஓட்டுவார், அல்லது வளைகுடா நாடு ஒன்றில் இருந்து மாதந்தோறும் பணம் அனுப்புவார். பேரப் பிள்ளைதான் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பான். தமிழக அரசு 2010-ஆம் ஆண்டு முதல் தொழிற்கல்வியில் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவர்க்குக் கல்விக் கட்டணச் சலுகை அளித்து வருகிறது. அந்த "முதல் பட்டதாரி" சான்றிதழைத் தாலுகா அலுவலகத்தில் வாங்கிக் கொண்டு வரும் தந்தையின் முகத்தில் எவ்வளவு பெருமிதம்! ஆனால் அந்தத் தாளோடு ஒரு பாரமும் வீட்டுக்கு வருகிறது. முதல் பிள்ளை தவறினால் பின்னால் வருபவர்களின் வழியும் அடைபடும் என்ற அச்சமே அந்தப் பாரம்.

இங்கே ஒன்றை நாம் நுட்பமாக உணர வேண்டும். தறியில் அமர்ந்த மகன் மாலைக்குள் எத்தனை முழம் நெய்தான் என்பதைத் தகப்பன் கண்ணால் கண்டான். இழை அறுந்தால் அருகில் அமர்ந்து முடிச்சுப் போடக் கற்றுக் கொடுத்தான். கல்லூரிப் படிப்பு அவ்வாறு கண்ணுக்குத் தெரியும் வேலை அன்று. மகன் நாளெல்லாம் என்ன கற்றான், எங்கே இழை அறுந்தது என்பதைக் கல்லூரிக்குப் போகாத தந்தை அறிய வழியில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் மதிப்பெண் ஒன்றே அவருக்குத் தெரியும் முழக்கோல். ஆகவே அந்த ஒன்றையே அவர் இறுகப் பற்றுகிறார். "எத்தனை மார்க்? பக்கத்து வீட்டுப் பையன் எத்தனை?" என்ற இரு கேள்விகளில் அவருடைய பாசம் முழுவதும் அடங்கிப் போகிறது. அவர் கொடியவர் அல்லர். அவருக்கு வேறு கேள்வி தெரியவில்லை, அவ்வளவே.

சமுதாயத்தின் நிலையும் இந்த அச்சத்தைப் பெருக்குகிறது. 2006-ஆம் ஆண்டு நீதியரசர் ராஜிந்தர் சச்சார் குழு அளித்த அறிக்கை, நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் இளநிலைப் பட்டம் படிப்போரில் 25 பேருக்கு ஒருவரே முஸ்லிம் என்றும், முதுநிலையில் 50 பேருக்கு ஒருவரே என்றும் எடுத்துக் காட்டியது. 2007-இல் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு வந்தது. கதவு திறந்தது. திறந்த கதவின் வழியே உள்ளே சென்ற பிள்ளையைப் பார்த்து வீடும் ஜமாஅத்தும் உறவும் ஒரே குரலில், "நீ தவறக் கூடாது" என்கின்றன. பதினெட்டு வயதுத் தோள் ஒரு சமுதாயத்தின் கணக்கைச் சுமக்கிறது.

ஆசை எங்கே பாரமாகிறது?

பிள்ளை முன்னேற வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றமா? ஒருபோதும் இல்லை. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 2002 முதல் 2007 வரை மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளி மாணவரையும் அவர்தம் பெற்றோரையும் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியாயிற்று. அதை நடத்திய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கோ முராயாமா என்னும் உளவியல் அறிஞர். பெற்றோரின் ஆசை உயர உயரப் பிள்ளைகளின் கணிதத் தேர்ச்சியும் உயர்ந்தது என்பது அவர்கள் கண்ட முதல் உண்மை. ஆனால், "என் பிள்ளையால் இவ்வளவுதான் முடியும்" என்று பெற்றோரே மனத்துள் அறிந்த அளவையும் மீறி ஆசை வளர்ந்த வீடுகளில், பிள்ளைகளின் தேர்ச்சி ஆண்டுக்காண்டு சரிந்தது என்பது இரண்டாவது உண்மை. பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய இக்கண்டுபிடிப்பு, கல்லூரிப் பிள்ளைகளைப் பெற்ற நமக்கும் பாடமாகும்.

நம்மூரில் அந்த எல்லை எங்கே மீறப்படுகிறது என்பதை நீங்களே அறிவீர்கள். பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் வீட்டில் கூடும் ஆலோசனையில் பெரியப்பா பேசுகிறார், மாமா பேசுகிறார், அடுத்த தெரு நண்பர் பேசுகிறார். தமிழகத்தில் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. இருநூறுக்கு எத்தனை "கட்-ஆஃப்" என்பதே எங்கும் பேச்சு. வரலாற்றில் நாட்டமுள்ள பிள்ளையும், கணக்கு எழுதுவதில் கெட்டிக்காரப் பிள்ளையும், பட்டறையில் கை வைத்துக் கற்க விரும்பும் பிள்ளையும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றனர். அந்தக் கூட்டத்தில் வாய் திறவாதவர் ஒருவரே. அவர்தான் படிக்கப் போகிறவர்.

இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். தாம் கண்ட கனவை மகனிடம் எடுத்துரைத்து, உன் கருத்து என்ன என்று அந்தத் தந்தை கேட்டதாகத் திருமறை எடுத்துக் கூறுகிறது. இறைக்கட்டளையைச் சுமந்து நின்ற நிலையிலும் மகனின் உள்ளத்தைக் கேட்டறிந்த தந்தை அவர். பி.காம். படிப்பதா, பி.இ. படிப்பதா என்பதில் நம் மகனின் கருத்தைக் கேட்பது நம் மதிப்பைக் குறைத்துவிடுமா என்ன?

லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொன்ன அறிவுரைகளும் திருமறையில் இடம் பெற்றுள்ளன. தொழுகையையும் பொறுமையையும் பணிவையும் வலியுறுத்தும் அந்த அறிவுரைகளில், குரலைத் தாழ்த்திப் பேசும்படி கூறுவதும் ஒன்று. அவர் மகனை அழைக்கும் சொல்லிலேயே கனிவு ததும்புகிறது. அறிவுரை எவ்வளவு உயர்ந்ததாயினும், அதைத் தாங்கி வரும் குரலையே பிள்ளை முதலில் கேட்கிறான்.

சொல்லப்படாத ஒரு வாக்கியம்

இனி, படிப்பு எவ்வாறு கெடுகிறது என்பதைப் படிப்படியாகக் காண்போம். ஒரு மாணவனைக் கற்பனையாக எண்ணிக் கொள்ளுங்கள். அனகாபுத்தூரிலிருந்து பேருந்தேறிப் பல்லாவரம் வந்து, அங்கே மின்ரயில் பிடித்து நகரத்துக் கல்லூரிக்குச் செல்பவன். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவன். முதல் பருவத்தில் ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் பாதி புரியவில்லை. புரியவில்லை என்று எழுந்து கேட்கக் கூச்சம். பருவத் தேர்வில் ஒரு தாளில் தேர்ச்சி பெறவில்லை.

கல்லூரி முறையில் இது உலகம் இடிந்து விழும் செய்தி அன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளின் இளநிலை வகுப்புகளில், அகமதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரிக்கப்படுகிறது. தவறிய தாளை அடுத்து வரும் தேர்வில் மீண்டும் எழுதலாம். பிள்ளைகள் "அரியர்" என்று சொல்வது இதைத்தான். அந்த மாலையே வீட்டுக்கு வந்து, "ஒரு பேப்பர் போச்சு, அத்தா" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், வகுப்பு ஆசிரியரைப் பார்த்திருக்கலாம். ஆங்கிலத்துக்கு உதவி தேடியிருக்கலாம். அடுத்த தேர்வில் அது தீர்ந்திருக்கும்.

அவன் அதைச் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்பது அவனுக்குத் தெரியும். உம்மா அழுவார்கள். அத்தா இரண்டு நாள் பேசமாட்டார். பெற்ற கடனும் விற்ற நகையும் மீண்டும் கணக்குப் பார்க்கப்படும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயர் பத்து முறை உச்சரிக்கப்படும். ஆகவே, "எல்லாம் பாஸ்" என்கிறான். அந்தப் பொய்யிலிருந்து மற்றவை பிறக்கின்றன. அடுத்த பருவத்தில் புதிய தாள்களோடு பழைய தாளும் சேர்கிறது. ஒன்று மூன்றாகிறது. அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். வீட்டில் கேட்க முடியாது. வகுப்பில் உட்கார மனம் வரவில்லை. வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குகிறது. குறைந்த வருகைக்கு அபராதம், மேலும் குறைந்தால் தேர்வெழுதவே தடை. இவை எதுவும் வீட்டுக்குத் தெரியாது.

இந்த இடத்தில்தான் தோழன் வருகிறான். கட்டணத்துக்குப் பணம் தருபவன் அவன். "எனக்கு ஏழு அரியர், நீ ஏன்டா அழுகிறாய்?" என்று தோளில் கைபோட்டுச் சிரிக்கவைப்பவன் அவன். வீட்டில் சொல்ல முடியாத வாக்கியத்தை இவனிடம் சொல்ல முடிகிறது. அந்தக் கணத்திலிருந்து வீட்டைவிட இவன் சொல்லுக்கு மதிப்பு அதிகம். நாளைக்கு இவன் "மாஸ் பங்க்" என்று வகுப்பைப் புறக்கணிக்க அழைத்தால், கடன்பட்டவன் மறுக்க இயலுமா? பெற்றோர் கண்ணுக்கு, "நன்றாகப் படித்த பிள்ளையைக் கூட்டாளி கெடுத்துவிட்டான்" என்று தெரிகிறது. நடந்ததைக் கவனியுங்கள். வீட்டில் அடைபட்ட உண்மைக்குக் கூட்டாளி ஓர் இடம் கொடுத்தான். அதற்கு அவன் பெற்ற வாடகை அந்தப் பிள்ளையின் படிப்பு.

தோழமையின் மணமும் புகையும்

நல்ல நண்பனைக் கஸ்தூரி விற்பவனுக்கும், தீய நண்பனைக் கொல்லனின் துருத்திக்கும் ஒப்பிட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கிய உவமையை அறியாத வீடு நம்மிடையே இல்லை. ஒருவனிடம் வாங்காவிட்டாலும் மணம் ஒட்டும். மற்றவனிடம் உடை கருகாவிட்டாலும் புகை ஒட்டும் என்பது அதன் கருத்து.

நமது நாளின் ஆய்வுகளும் இதை ஒட்டியே பேசுகின்றன. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவர்க்கு அறைத் தோழரைக் குலுக்கல் போன்ற முறையில் ஒதுக்கினர். அதை வைத்துப் பொருளியல் அறிஞர் புரூஸ் சாசர்டோட் 2001-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தேர்ந்தெடுக்காமல் வாய்த்த அறைத் தோழர்கூட ஒருவனுடைய மதிப்பெண்ணையும், அவன் எந்த மாணவர் குழுவில் சேர்கிறான் என்பதையும் பாதிக்கின்றனர் என்று அவர் கண்டார். வியப்பு என்னவெனில், எந்தப் பாடத்தை முதன்மையாக எடுப்பது என்ற பெரிய முடிவில் அவர்களின் செல்வாக்குத் தென்படவில்லை. தோழர் மாற்றுவது அன்றாடப் பழக்கத்தையே என்று இதிலிருந்து கொள்ளலாம். எப்போது எழுவது, எப்போது படிப்பது, வகுப்புக்குப் போவதா வேண்டாமா என்பவை சிறியவையாகத் தோன்றும். பருவத்தின் முடிவில் அவையே மதிப்பெண்ணாகின்றன.

அப்படியானால் நன்றாகப் படிக்கும் பிள்ளையோடு நம் பிள்ளையைச் சேர்த்து வைத்தால் போதுமே என்று தோன்றலாம். அதையும் சோதித்துப் பார்த்துவிட்டனர். அமெரிக்க விமானப் படைக் கல்லூரியில், பின்தங்கிய மாணவரைச் சிறந்த மாணவரோடு திட்டமிட்டே ஒரே பிரிவில் அமர்த்தினர். 2013-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக அமைந்தது. பின்தங்கியோர் தம்முள் ஒரு தனிக் கூட்டமாக ஒதுங்கிக் கொண்டனர். அவர்களின் தேர்ச்சி முன்னினும் குறைந்தது. "அவனோடு சேர், இவனோடு சேராதே" என்ற கட்டளை ஏன் பயன் தருவதில்லை என்பதற்கு இது தக்க சான்று. எவரிடம் தன்னைத் தாழ்வாக உணர வேண்டியதில்லையோ, அவரிடமே மனிதன் ஒட்டுகிறான்.

சென்னைக் கல்லூரி வாழ்வில் இதன் கொடிய வடிவத்தையும் நாம் கண்டிருக்கிறோம். 1840-இல் தோன்றிய மாநிலக் கல்லூரி, 1842-இல் தோன்றிய பச்சையப்பன் கல்லூரி போன்ற பெருமை வாய்ந்த நிறுவனங்களின் மாணவரில் ஒரு பகுதியினர், தாம் வரும் பேருந்துத் தடத்தின் பெயரால் கூட்டங்களாகப் பிரிந்தனர். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு தலைவன். அவனுக்கு "ரூட் தல" என்று பெயர். ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் மாலையிட்டு மகிழும் "பஸ் டே" என்னும் கொண்டாட்டம், பேருந்தின் கூரையில் ஏறி ஆடும் ஆபத்தான விளையாட்டாயிற்று. உயர் நீதிமன்றம் தடை செய்த பின்னும் அது ஓயவில்லை. 2019 ஜூன் மாதத்தில் கூரை மேல் இருந்த மாணவர்கள் பேருந்து திடீரென நின்றபோது சரிந்து சாலையில் விழுந்த காட்சியை நாடே பார்த்தது. அடுத்த மாதமே அரும்பாக்கத்தில் பட்டப்பகலில், பயணிகள் அலறி ஓட, மாணவரை மாணவர் பட்டாக் கத்தியால் வெட்டினர். ரூட் தல எனப்பட்டவர்களைக் காவல்துறையினர் அழைத்து நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கினர். இருந்தும், 2024 அக்டோபரில் சென்னை சென்ட்ரல் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சில நாட்களில் மருத்துவமனையில் உயிரிழந்தார்.

இவர்களுள் பெரும்பாலோர் பிறவியிலேயே முரடர்களா? எளிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இவர்களில் பலர். வகுப்பறையில் ஆங்கிலம் தெரியாதவன், வீட்டில் உருப்படாதவன் என்று பெயரெடுத்த ஒருவனுக்குப் பேருந்தின் படிக்கட்டு ஒரு சிம்மாசனம் தருகிறது. அங்கே அவனுக்குப் பெயர் உண்டு, பட்டாளம் உண்டு, "கெத்து" உண்டு. வழக்கு ஒன்று பதிவாகும்போதுதான் அந்தச் சிம்மாசனத்தின் விலை தெரிகிறது. படிப்பு நின்றுவிடுகிறது, வேலைக்கு முன் நடத்தை பற்றி விசாரிக்கும் எந்த இடத்திலும் அந்த வழக்கு எழுந்து நிற்கிறது. தடத்தின் பெயரால் தோளில் தூக்கியவர்கள் அப்போது அருகில் இருப்பதில்லை.

பெண் மக்களின் நெருக்கடி

மகளின் நிலை வேறு. நீதியரசர் பஷீர் அஹ்மத் சயீத் அவர்களின் பெருமுயற்சியால் 1955-இல் சென்னையில் தோன்றிய எஸ்.ஐ.ஈ.டி. மகளிர் கல்லூரி, இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அக்காலத்தில் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பலாமா என்பதே வாதம். இன்று அனுப்புகிறோம், ஆனால் பாதி மனத்தோடு அனுப்புகிறோம். இரண்டாம் ஆண்டிலேயே பெண் கேட்டு வருகின்றனர். "மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள், படிப்பைப் பிறகு முடித்துக் கொள்ளலாம்" என்கிறோம். தேர்வு நடக்கும் மாதத்தில் நிக்காஹ் நாள் குறிக்கிறோம். பருவத் தேர்வின் விடைத்தாள் முன் அமர்ந்த அந்தப் பெண்ணின் மனம் எங்கே இருக்கும்?

நாளை நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சத்தில் படிக்கும் பெண், ஒரு தாளில் தவறினால் மகனைக் காட்டிலும் ஆழமாக அதை மறைப்பாள். மகனுக்குத் திட்டு விழும். அவளுக்கோ படிப்பே முடிந்துவிடும். சம்பந்தம் பேசும்போதே பட்டம் முடியும் நாளையும் சேர்த்துப் பேசி உறுதி செய்துகொள்வது பெற்றோரின் கடமை. அவ்வுறுதி கிடைத்த பெண்ணின் படிப்பில் எவ்வளவு தெளிவு பிறக்கும் என்பதைச் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

நாம் செய்யத் தக்கவை

பெற்றோரே, முதலில் கேள்வியை மாற்றுங்கள். "எத்தனை மார்க்?" என்று கேட்பதற்கு முன், "எந்தப் பாடம் கடினமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரிய வேண்டியதில்லை. மகன் அதை உங்களுக்குப் புரியும்படி சொல்ல முயலும்போது, அவனுக்கே அது பாதி விளங்கிவிடும். பருவம் தொடங்கியதும் எத்தனை தாள்கள், தேர்வு எந்த மாதம் என்பதைக் கேட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியரை ஆண்டுக்கு இரண்டு முறையேனும் நேரில் பாருங்கள். ஏதேனும் தவறு நடந்து கல்லூரி அழைத்த பின் போவது வேறு. நலம் விசாரிக்க நாமே போவது வேறு.

முடிவு வரும் நாளுக்கு முன்னதாகவே ஒரு வாக்குக் கொடுங்கள்: "எது வந்தாலும் அன்றைக்கே சொல். அன்று உன்னைத் திட்டமாட்டேன்." கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். உண்மை சொன்ன பிள்ளை ஒருமுறை அடிபட்டால், அடுத்த உண்மை ஒருபோதும் உங்களிடம் வராது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரை உங்கள் வீட்டில் உச்சரிக்காதீர்கள். தோழர்களை வீட்டுக்கு அழையுங்கள். உங்கள் வீட்டில் ஒரு வேளை உணவு உண்ட தோழன், உங்கள் பிள்ளையைத் தவறான இடத்துக்கு அழைக்குமுன் ஒரு கணம் தயங்குவான்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். பெற்றோரின் கடுமைக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் அச்சமே. அவர்கள் பார்த்திராத ஓர் உலகத்துக்கு உங்களை அனுப்பிவிட்டு நிற்கின்றனர். அந்த உலகம் எப்படியிருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்வது உங்கள் கடமை. அரியர் என்பது என்ன, அதை எப்படித் தீர்க்கலாம் என்பதை விளக்கிச் சொல்லுங்கள். செய்தியோடு அதைச் சரிசெய்யும் வழியையும் சேர்த்துச் சொன்னால் கோபம் பாதியாகும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கு, மாணவியர்க்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்க்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. தேர்வுக் கட்டணத்துக்காக எவருக்கும் கடன்பட்டு அவர் சொல்லுக்குக் கட்டுப்படாதீர்கள். நண்பனை அளக்க எளிய சோதனை ஒன்று உண்டு. "இன்று நான் வரவில்லை, படிக்க வேண்டும்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சரியென்று விடுபவன் நண்பன். கேலி செய்து இழுப்பவனுக்கு நீங்கள் ஆள்பலம் மட்டுமே.

ஜமாஅத் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மே மாதத்தில் தேர்வு முடிவுகள் வந்ததும் அதிக மதிப்பெண் எடுத்தவர்களை மேடையேற்றிப் பரிசளிக்கிறோம். நல்ல பழக்கம். அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் பிள்ளையையும் நினையுங்கள். தவறிய தாள்களை எல்லாம் விடாது எழுதி முடித்துப் பட்டம் பெற்றவனுக்கும் ஒரு பரிசு வையுங்கள். மதரஸாவின் ஓர் அறையை இஷாவுக்குப் பின் இரண்டு மணி நேரம் விளக்கேற்றித் திறந்து வையுங்கள். ஓரறை வீட்டில் தொலைக்காட்சியின் சத்தத்துக்கிடையே படிக்கும் பிள்ளைகள் நம் தெருக்களில் எத்தனையோ பேர். நம் மஹல்லாவில் பட்டம் முடித்த இளைஞர் இருவர் அங்கே வந்து அமர்ந்தால், முதல் தலைமுறை மாணவனுக்கு வீட்டில் கிடைக்காத வழிகாட்டி கிடைத்துவிடும். நல்ல தோழமையைக் கட்டளையால் உண்டாக்க முடியாது. அது முளைக்க ஓர் இடத்தை உண்டாக்கித் தரலாம்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்ல மனம் நடுங்கினாலும் சொல்லியாக வேண்டும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டனர். காரணங்கள் பலவாக இருக்கலாம். ஆனால் சொல்ல முடியாமல் நெஞ்சில் அடைத்துக்கொண்ட துயரம் எத்தகைய ஆபத்து என்பதை நாம் உணர வேண்டும். பிள்ளை உண்ணாமல், உறங்காமல், எவரோடும் பேசாமல் ஒதுங்கினால் அதைச் சோம்பல் என்று ஏசாதீர்கள், அருகில் அமருங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் தொலைபேசி எண்ணில் 2022 முதல் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். பெற்றோரும் அழைக்கலாம், பிள்ளைகளும் அழைக்கலாம்.

தேர்வில் தவறிய தாளை மீண்டும் எழுதலாம். தவறிய படிப்பை மாற்றி வேறு படிப்பில் சேரலாம். ஓராண்டு வீணானாலும் அடுத்த ஆண்டு வரும். வீட்டுக்குள் உண்மை நுழையும் வாசல் அடைபட்டுப் போனால் அதைத் திறப்பதுதான் கடினம். "ஒரு பேப்பர் போச்சு, அத்தா" என்று நம் பிள்ளை அச்சமின்றி வந்து சொல்லும் வீடாக நம் வீடு இருக்கிறதா? இருந்தால், அந்தப் பிள்ளையை எந்தக் கூட்டமும் நம்மிடமிருந்து பறித்துவிட முடியாது. படிப்பும் மெல்லத் தன் வழிக்கு வந்து சேரும். ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைப் பழுதின்றிப் பேணும் பொறுமையை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!